செம்மறியாட்டின் சூற்குமிழும் அதன் ஹார்மோன்களும்

செம்மறியாட்டின் சூலகத்தில், கருமுட்டை ஒவ்வொன்றையும் சூழ்ந்து வளர்ந்து, உரிய பக்குவம் எய்தியதும் வெடித்து அம்முட்டையை வெளிவிடுகின்ற நுண்ணிய பை சூற்குமிழ் எனப்படும். முட்டைக்கு உறையுளாகிய இக்குமிழே, தன் சுவர்களில் ஊறும் ஹார்மோன்களின் வாயிலாக, ஆடு எந்நாளில் கிடாயை ஏற்பது, எத்தனை முட்டைகளை வெளியிடுவது, வெளியிட்டபின் கர்ப்பாசயத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பனவற்றை நிர்ணயிப்பதால், ஆட்டின் இனவிருத்தியைப் பற்றிய சாஸ்திரம் பெரும்பகுதி இக்குமிழைப் பற்றிய சாஸ்திரமாகவே அமைந்துவிட்டது. ஓர் ஆடு ஒற்றைக் குட்டி போடுவதும் இரட்டைக் குட்டி போடுவதும், ஒருகாலத்தில் பருவத்துக்கு வருவதும் வராமல் நிற்பதும், வளர்ப்பவர் கண்ணுக்கு அதிர்ஷ்டத்தின் விளையாட்டாகத் தோன்றினாலும், உள்ளே நிகழ்வது இக்குமிழ்களுக்கும் மூளைக்கும் இடையே ஓயாது நடக்கும் ஒரு கணக்கு வழக்கே ஆகும்.

இக்கணக்கை நம் பக்கத்து ஆடுகளை முன்வைத்தே பார்ப்போம். சங்கரன்கோவில் வட்டாரத்துப் புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில், எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்கியது. மேற்கே மலையடிவாரமும் தோப்புகளும் வயல்களுமாக இருந்து, கிழக்கே போகப்போகச் செம்மண் மேடும் கரிசலுமாக விரிகின்ற இப்பிரதேசத்திலும் இதனை அடுத்த தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளிலும் மேய்வன, செந்நிறமான செவ்வாடும், கரிய அடிவயிறுடைய கீழக்கரிசலும், வெண்மேனியில் செம்பொட்டுகள் சிதறிய வேம்பூர் ஆடும், இவற்றின் கலப்புகளுமே. கம்பளி தராத, இறைச்சிக்காகவும் கிடை உரத்துக்காகவும் வளர்க்கப்படும் இவ்வினங்கள் பெரும்பாலும் ஈத்துக்கு ஒரே குட்டி ஈனுபவை. இனவிருத்தி நூல்களோ பெரும்பாலும் ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, பிரான்சு ஆகிய தேசங்களின் கம்பளியாடுகளைக் கண்டு எழுதப்பட்டவை. அந்நூல்களின் உடலியல் இங்கும் செல்லும். அவற்றின் பஞ்சாங்கம் செல்லாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நம்மிடம் வழங்கும் ஆலோசனைகளுள் சில பயனற்றுப் போகின்றன.

பெட்டைக் குட்டியின் சூலகத்தில் அதன் ஆயுட்காலத்துக்கு வேண்டிய முட்டைகள் யாவும் அது தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன. பிறக்கும் வேளையில் ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலாகவோ இருக்கும் இம்மூலக் குமிழ்கள், தட்டையான சில உயிரணுக்களால் மட்டும் சூழப்பட்டு உறங்கிக்கிடப்பவை. இவற்றுள் சிற்சில நாள்தோறும் விழித்து வளரத் தொடங்குகின்றன. விழித்தெழுந்த குமிழ் முட்டையை வெளியிடும் நிலையை அடைய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. மழைக்காலத்தில் வெளிப்படும் முட்டை, கடுங்கோடையிலே புல் கருகிக் கிடந்தபோதே தன் பயணத்தைத் தொடங்கிவிட்டதாகும். வளரத் தொடங்கியவற்றுள் மிகப் பெரும்பாலானவை இடைவழியிலேயே சிதைந்து மறைகின்றன. ஆயுள் முழுவதும் பத்துப் பதினைந்து குட்டிகள் போடும் ஓர் ஆட்டுக்கு ஒரு லட்சம் முட்டைகள் எதற்கு என்று கேட்டால், இயற்கை அவ்வாறு செலவழிப்பதில் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை என்பதே விடை.

குமிழ் வளர வளர முட்டையைச் சூழ்ந்த அணுக்கள் பல அடுக்குகளாகப் பெருகுகின்றன. உட்புறத்தில் அமைந்தவை கிரானுலோசா அணுக்கள் என்றும், அவற்றை இரத்தக் குழாய்களோடு கூடி வெளிப்புறம் போர்த்தவை தீக்கா அணுக்கள் என்றும் பெயர்பெறும். இடையிலே திரவம் தேங்கி ஒரு குழி உண்டாகிறது. குமிழின் குறுக்களவு 2 மில்லிமீட்டரை எட்டும் வரையில் அது பிட்யூட்டரி சுரப்பியின் தயவை அதிகம் நாடாமல் வளரும். அதன்பின் அச்சுரப்பி வெளியிடும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் இல்லாவிடில் வாடிவிடும்; 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை வளர்ந்து முதிர்ந்த குமிழோ, அதே சுரப்பியின் எல்.எச். என்னும் மற்றொரு ஹார்மோனையும் துணையாகக் கொண்டு நிற்கும்.

குமிழின் தலையாய ஹார்மோன் எஸ்ட்ராடையால் ஆகும். அதனை எந்த ஓர் அணுவும் தனித்து ஆக்குவதில்லை என்பதே இதன் விசேஷம். தீக்கா அணுக்கள் எல்.எச். தூண்டுதலால் கொழுப்புப் பொருளிலிருந்து ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும், ஆண்மை ஹார்மோன் வகையைச் சேர்ந்த சரக்கை உண்டாக்குகின்றன. அது உட்சுவருக்குக் கசிந்து செல்ல, அங்குள்ள கிரானுலோசா அணுக்கள் எஃப்.எஸ்.எச். தூண்டுதலால் அதனை எஸ்ட்ராடையாலாக மாற்றுகின்றன. பெண்மையின் அடையாளமாகிய ஹார்மோன் ஆண்மை ஹார்மோனின் வழியாகவே பிறப்பதை முதலில் கண்டவர்கள் வியந்திருக்க வேண்டும். கிரானுலோசா அணுக்கள் இதனோடு இன்ஹிபின் என்னும் புரதத்தையும் சுரக்கின்றன, பிட்யூட்டரியிலிருந்து எஃப்.எஸ்.எச். வெளிப்படுவதை அடக்குவது இதன் தொழில். மிகச் சிறிய குமிழ்கள் முல்லேரியன் எதிர் ஹார்மோன் என்னும் வேறொரு புரதத்தைச் சுரப்பதால், இரத்தத்தில் அதன் அளவைக் கொண்டு சூலகத்தின் இருப்பு எவ்வளவு என்று இக்காலத்தில் கணிக்கிறார்கள்.

குமிழ்நீரில் இத்தகைய சக்தி உறைவதை முதலில் மெய்ப்பித்தவர்கள் அமெரிக்கரான எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்ஸியும் ஆவர். 1923இல் அவர்கள் பன்றியின் சூலகக் குமிழ்களிலிருந்து எடுத்த நீரைச் சூலகம் நீக்கிய எலிகளுக்குச் செலுத்திப் பருவக் குறிகளை வரவழைத்தார்கள். இன்ஹிபின் என்ற பெயர் 1932லேயே சூட்டப்பட்டது எனினும், அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுக்க 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும் செம்மறியாட்டைப் பொறுத்தமட்டில் மறக்கத்தகாத சோதனை 1967இல் கோடிங், மெக்ராக்கன், பெயர்ட் என்னும் மூவரும் வெளியிட்டது. ஆட்டின் சூலகத்தை வயிற்றிலிருந்து எடுத்து, அதன் கழுத்திலே தோலால் அமைத்த ஒரு மடிப்புக்குள் கழுத்து இரத்தக் குழாய்களோடு இணைத்து அவர்கள் வாழவைத்தார்கள். ஆடு வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருக்க, சூலகத்துக்குள் செல்லும் இரத்தத்தையும் அதைவிட்டு வெளிவரும் இரத்தத்தையும் வேண்டியபோதெல்லாம் எடுத்துப் பரிசோதிக்க முடிந்தது. எலியிடத்தும் முயலிடத்தும் கைகூடாத இவ்வசதி, சாதுவான சுபாவமும் தக்க உடற்பருமனும் உடைய செம்மறியினால் கிட்டியது. அச்சோதனையில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பருவச் சக்கரம் செம்மறியில் சராசரி 17 நாட்கள். இந்நாட்களுக்குள் குமிழ்கள் ஒரே ஒரு முறை வளர்ந்து முற்றுகின்றன என்று முன்னர் எண்ணியிருந்தார்கள். மிகையொலிக் கருவியால் சூலகத்தை நாள்தோறும் பார்க்கும் வழி கிடைத்த பிறகு, அவை நான்கைந்து நாட்களுக்கொருமுறை அலையலையாய்க் கிளம்புவதும், ஒரு சக்கரத்தில் பெரும்பாலும் மூன்று அலைகள் எழுவதும் கண்டறியப்பட்டன. ஒவ்வோர் அலைக்கும் முன்னோடியாக இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். உயர்கிறது. அதனால் ஊக்கம்பெற்ற சில குமிழ்கள் 2, 3 மில்லிமீட்டர் அளவிலிருந்து மேலெழுகின்றன. எழுந்தவை எஸ்ட்ராடையாலும் இன்ஹிபினும் சுரக்கின்றன. அவ்விரண்டும் மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சென்று எஃப்.எஸ்.எச்.ஐத் தாழ்த்துகின்றன. தங்களை வளர்த்த பொருளைத் தாங்களே குறைத்துவிடும் இந்நிலையில், கோடையிலே கிணற்று நீர் கீழே இறங்கும்போது ஆழத் தோண்டியவன் தோட்டம் மட்டும் பிழைப்பதுபோல, எல்.எச்.ஐ ஏற்கும் திறனைக் கிரானுலோசா அணுக்களில் முந்திப் பெற்றுக்கொண்ட ஒரு குமிழ் மட்டும் எஃப்.எஸ்.எச். குறைவைத் தாங்கி நிற்க, ஏனையவை சிதைகின்றன. ஒற்றைக் குட்டி ஈனும் ஆடு ஒற்றைக் குட்டியே ஈனுவதன் இரகசியம் இவ்விடத்தில் இருக்கிறது. எஃப்.எஸ்.எச். வேண்டிய அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அதற்கேற்ற எண்ணிக்கைக் குமிழ்களுக்கே பிழைக்க இடமுண்டு.

முதல் இரண்டு அலைகளின் குமிழ்கள் முற்றினாலும் முட்டையை வெளியிடுவதில்லை. முந்தைய சக்கரத்தின் விளைவாகிய புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அவ்வேளையில் இரத்தத்தில் நிறைந்திருந்து எல்.எச். துடிப்புகளைச் சில மணிக்கு ஒன்றாக அடக்கி வைத்திருக்கிறது. இத்துடிப்புகளுக்கு மூலம், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டுச் சிந்தும் ஜி.என்.ஆர்.எச். என்னும் மிகச் சிறு பொருள் ஆகும். லட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகளிலிருந்து கியேமினும், பன்றி மூளைகளிலிருந்து ஷாலியும் இதனைப் போட்டிபோட்டுக்கொண்டு 1971 அளவில் பிரித்தறிந்து, 1977இல் நோபெல் பரிசில் பங்குபெற்றார்கள். சக்கரத்தின் இறுதியில் புரோஜெஸ்டிரோன் வீழ்ந்ததும், எல்.எச். துடிப்புகள் ஏறக்குறைய மணிக்கு ஒன்றாகப் பெருகுகின்றன. கடைசி அலையின் குமிழ் அதனால் எஸ்ட்ராடையாலைப் பெருக்கிப் பொழிகிறது. இதுவரை மூளையை அடக்கிவந்த அதே எஸ்ட்ராடையால், உச்ச அளவை எட்டியவுடன் எதிர்த் தொழில் புரிந்து, ஜி.என்.ஆர்.எச்.ஐயும் எல்.எச்.ஐயும் பெருவெள்ளமாக வெளிப்படச் செய்கிறது. அவ்வெள்ளம் எழுந்த ஒரு நாளளவில் குமிழ் வெடித்து முட்டை வெளிப்படும்.

அதே எஸ்ட்ராடையால்தான் ஆட்டைப் பருவத்துக்கும் கொண்டுவருகிறது. 24 முதல் 36 மணி நேரம் நீடிக்கும் இப்பருவத்தின் கடைசிப் பகுதியில் முட்டை வெளிப்படும். பருவத்துக்கு வந்த வெள்ளாடு கத்தி ஊரைக் கூட்டும். பசு பிற மாடுகள்மேல் தாவும். செம்மறியோ ஓசையின்றிக் கிடாயை நாடிப்போய் அதன் அருகில் நின்று வாலை அசைப்பதோடு நின்றுவிடும். கிடாய் இல்லாத மந்தையில் செம்மறியின் பருவத்தை அறிவது ஆட்டுக்காரருக்கும் அரிது. இன்னொரு நுட்பமும் உண்டு. எஸ்ட்ராடையால் மட்டும் இருந்தால் செம்மறி கிடாயை ஏற்பதில்லை. அதற்கு முன் சில நாட்கள் புரோஜெஸ்டிரோன் மூளையைப் பதப்படுத்தியிருக்க வேண்டும். எனவே, முதன்முதலாகப் பருவம் எய்தும் மறியும், நெடுநாள் நின்றுபோய் மீண்டும் தொடங்கும் தாயாடும், முதல் முறை முட்டையை வெளியிட்டும் பருவக்குறி காட்டாமல் ஊமையாக இருந்துவிடுகின்றன. அடுத்த முறையே கிடாயை ஏற்கின்றன.

முட்டை வெளியேறிய வெற்றுக் குமிழ் வீணாவதில்லை. அதன் இரு சுவர் அணுக்களும் உருமாறி மஞ்சள் உடலம் என்னும் திரளாகி, மூன்று நான்கு நாட்களுக்குள் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிக் கர்ப்பாசயத்தைக் கருவேற்கும் நிலைக்கு இட்டுவருகிறது. கரு தங்காதபோது, ஏறத்தாழ 14ஆம் நாளிலிருந்து இவ்வுடலம் அழிக்கப்பட வேண்டும். இல்லாவிடில் அடுத்த சக்கரம் எழாது. அழிப்பது யார் என்ற கேள்விக்குத்தான் கழுத்திலே வைத்த சூலகம் விடை தந்தது. கர்ப்பாசயத்திலிருந்து தொலைவில், கழுத்தில் இருந்த சூலகத்தின் மஞ்சள் உடலம் உரிய காலத்தில் அழியாமல் மாதக்கணக்கில் நிலைத்து நின்றது! அழிக்கும் பொருள் கர்ப்பாசயத்திலிருந்தே வருகிறது, அதுவும் உடல் முழுவதும் சுற்றி வராமல் அருகிலுள்ள சூலகத்துக்கு நேரே கடக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. 1972இல் அது புராஸ்டகிளாண்டின் எஃப்2ஆல்ஃபா என்று மெக்ராக்கன் குழுவினரால் அடையாளம் காணப்பட்டது. நுரையீரலை ஒருமுறை கடந்தாலே பெரும்பகுதி செயலிழந்துபோகும் இப்பொருள், கர்ப்பாசயச் சிரையிலிருந்து அதனோடு பின்னிக்கிடக்கும் சூலகத் தமனிக்குள் ஊடுருவிச் செல்கிறது. மஞ்சள் உடலமே ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனைச் சுரந்து இப்புராஸ்டகிளாண்டினைத் தூண்டிவிடுவதால், தன் முடிவுக்குத் தானே துணைபோகிறது என்றும் கூறலாம்.

கரு தங்கியிருந்தால், அது ஒட்டிக்கொள்வதற்கு முன்பே, இரண்டாம் வாரத்தின் முடிவில் நூலிழைபோல் நீண்டு, இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதத்தை வெளிவிட்டுப் புராஸ்டகிளாண்டின் துடிப்புகளைத் தடுக்கிறது, மஞ்சள் உடலம் பிழைக்கிறது, சினை நிலைக்கிறது. கர்ப்பத்தின் ஏறத்தாழ 50ஆம் நாளுக்குப் பின் நஞ்சுக்கொடியே போதிய புரோஜெஸ்டிரோனை அளிப்பதால் சூலகத்தை நீக்கினாலும் கர்ப்பம் கலைவதில்லை. வெள்ளாட்டிலோ இறுதிவரை மஞ்சள் உடலம் இன்றியமையாதது. ஐந்து மாதத்தை ஒட்டிய சினைக்காலம் முடிந்து குட்டி பிறக்கும் நாளை நிச்சயிப்பது தாயன்று, குட்டியே. நியூஸிலாந்தின் லிகின்ஸ் இதனைக் கண்டறிய முயன்றபோது, கர்ப்பத்திலிருந்த குட்டிகளுக்குக் கார்ட்டிகாய்டு மருந்தைச் செலுத்தினார். காலத்துக்கு முன்பே பிறந்து மூச்சுவிட இயலாது இறக்க வேண்டிய ஒரு குட்டி மூச்சுவிட்டதை அவர் கவனித்தார். இன்று குறைமாதப் பிரசவம் நேரும் என்று அஞ்சும் தாய்மார்க்கு உலகெங்கும், நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும், போடப்படும் ஊசி அக்குட்டியிடமிருந்து வந்தது. 1972இல் அவரும் ஹோவியும் அதன் மனிதப் பரிசோதனையை வெளியிட்டார்கள்.

காலத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம். வடதேசத்துச் செம்மறிகள் பகற்பொழுது குறுகும் இலையுதிர் காலத்தில் மட்டும் பருவத்துக்கு வந்து, வசந்தத்திலும் கோடையிலும் நின்றுவிடுகின்றன. இரவின் நீளத்தைப் பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனால் அளந்து மூளைக்கு உணர்த்துகிறது. நெடும்பகற் காலத்தில் சிறிதளவு எஸ்ட்ராடையாலே எல்.எச். துடிப்புகளை அடியோடு அடக்கிவிடும்; குறும்பகற் காலத்தில் அதே அளவு அடக்காது. சூலகம் நீக்கிய ஆடுகளுக்கு மாறாத அளவு எஸ்ட்ராடையாலை மட்டும் ஊட்டிவைத்து, 1977இல் மிச்சிகனில் லேகன், கார்ஷ், ஃபாஸ்டர் ஆகியோர் இதனைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆனால் புளியங்குடி பூமத்தியரேகைக்கு வடக்கே 9 பாகை அளவில் உள்ளது. இங்கே ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேற்றுமை. நம் ஆடுகளின் சூற்குமிழ்கள் சூரியனைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும் ஆற்றல் உடையவை. அவற்றை நிறுத்துவதும் நடத்துவதும் மேய்ச்சலும் வெயிலும் பாலூட்டும் குட்டியுமே.

உணவுக்கும் குமிழுக்கும் உள்ள உறவு இரு வகையாகச் செயற்படுகிறது. நீடித்த பட்டினி ஜி.என்.ஆர்.எச். துடிப்பையே மந்தப்படுத்துவதால் முற்றிய குமிழ் தோன்றுவதில்லை. மாறாக, இனச்சேர்க்கைக்கு முன் இரண்டு மூன்று வாரம் நல்ல தீனி கிடைத்தால், இரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் உயர்ந்து, குமிழின் எஸ்ட்ராடையாலைச் சற்றே தாழ்த்த, அதன் பயனாக எஃப்.எஸ்.எச். கூடுதல் நேரம் நின்று, வழக்கமாகச் சிதைய வேண்டிய இரண்டாவது குமிழும் சில ஆடுகளில் பிழைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் பசும்புல் தழைக்கும்போதும், அறுவடை முடிந்த வயல்களில் கிடை இறங்கித் தாளும் சிதறிய மணியும் தின்னும்போதும் ஆடுகள் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வருவதன் காரணம் இதுவே. கால்நடை மருத்துவர்கள் சேர்க்கைக்கு முன் அடர்தீவனம் கொடுக்கச் சொல்வதும் இதே விதியை ஒட்டியது. ஆனால் நல்ல உடற்கட்டோடு இருக்கும் ஆட்டுக்கு இதனால் கிடைக்கும் இலாபம் சொற்பம். மெலிந்து தேறிவரும் ஆட்டுக்கே பலன் மிகுதி.

கிடாயின் வாடையும் ஒரு மருந்தைப்போல் வேலை செய்யும். கிடாய்களிடமிருந்து நெடுநாள் பிரித்துவைத்த பெட்டைகளிடையே புதிதாகக் கிடாயை விட்டால், சில நிமிஷங்களுக்குள் எல்.எச். துடிப்புகள் பெருகி, சில நாட்களில் முட்டை வெளிப்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட் முதலியோர் 1944இல் இதனை எழுதிவைத்தார்கள். முன்னே சொன்ன ஊமைப் பருவத்தின் காரணமாக, கிடாயை விட்ட மூன்றாம் வாரத்தை ஒட்டியே பெரும்பாலான ஆடுகள் வெளிப்படையாகப் பருவத்துக்கு வரும். கிடாயும் பெட்டையும் ஆண்டு முழுவதும் ஒன்றாகவே மேயும் மந்தையில் இவ்வுபாயத்துக்கு இடமில்லை.

குமிழின் எண்ணிக்கைக் கணக்கைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் மிகச் சுவையானதும், இந்திய மண்ணோடு நேரே தொடர்புடையதும், பூரூலா ஆட்டின் வரலாறு. நியூ சௌத் வேல்ஸில் கூமா நகருக்கு அருகே பூரூலா என்னும் பண்ணையில் சீயர்ஸ் சகோதரர்கள் வளர்த்த மெரினோ ஆடுகள் வழக்கத்துக்கு மாறாக இரட்டையும் மும்மையுமாக ஈன்றன. அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் 1958 அளவில் அவற்றைப் பெற்று ஆராய்ந்தபோது, இக்குணம் ஒரே ஒரு ஜீனால் வருவது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. ஒரு பிரதி பெற்ற ஆட்டில் வெளிப்படும் முட்டைகள் சராசரி ஒன்றரையும், இரு பிரதி பெற்றதில் மூன்றை ஒட்டியும் கூடுகின்றன. பிட்யூட்டரியில் எஃப்.எஸ்.எச். மிகுதியா, சூலகத்தில் இன்ஹிபின் குறைவா என்று இருபதாண்டுக் காலம் வாதம் நிகழ்ந்தது. 2001இல் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே, ஆனால் அதே ஆண்டில், விடையை வெளியிட்டன: கிரானுலோசா அணுக்களிலும் முட்டையிலும் இருக்கும் பி.எம்.பி.ஆர்.1பி என்னும் ஏற்பிப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதன் விளைவாகக் குமிழ்கள் 3, 4 மில்லிமீட்டர் அளவிலேயே முதிர்ந்துவிடுகின்றன. ஒரு பெரிய குமிழ் தரும் எஸ்ட்ராடையாலையும் இன்ஹிபினையும் இரண்டு மூன்று சிறு குமிழ்கள் சேர்ந்தே தருகின்றன. மூளை தன்னிடம் வந்துசேரும் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதால், எத்தனை பேர் செலுத்தினார்கள் என்று கேட்பதில்லை.

இந்த ஜீன் ஆஸ்திரேலியாவுக்கு எங்கிருந்து வந்தது? 1792, 1793ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சிட்னி சென்ற வங்காளச் செம்மறிகளிடமிருந்து என்று வரலாற்றாசிரியர்கள் முன்னரே ஊகித்திருந்தார்கள். சுந்தரவனத்தின் உவர்ச் சேற்றில் மேயும், உருவத்தில் மிகச் சிறிய கரோல் ஆட்டினத்தில் அதே திரிபு இருப்பது 2002இல் உறுதியாயிற்று. ஒடிசாவின் கேந்திரபாடா ஆட்டிலும், நம் நீலகிரி ஆட்டிலும் அது உள்ளமை பின்னர் அறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் பல்டனிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் கரோல் ஆட்டின் இந்த ஜீனைத் தக்காணி ஆட்டுக்குள் புகுத்தி, நாரி சுவர்ணா என்னும் ஆட்டை உருவாக்கிற்று. ராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962 முதல் இயங்கும் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் கரோல், மால்புரா, பட்டன்வாடி என்னும் மூன்றையும் கலந்து அவிஷான் ஆட்டை அளித்தது.

இவற்றைக் கரிசல் காட்டுக்கும் கொண்டுவந்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பே. இரட்டைக் குட்டி ஒவ்வொன்றும் ஒற்றைக் குட்டியைவிட எடை குறைந்து பிறக்கும். இரண்டுக்கும் பால் காணவேண்டும். நாளெல்லாம் நடந்து மேய்ந்து, இரவில் யாரோ ஒருவர் வயலில் கிடையடைந்து, மறுவாரம் வேறூருக்குப் போகும் ஆட்டுக்கு அது எளிதன்று. கோடையில் குடிநீருக்கே தொலைவு நடக்கும் மந்தையில், ஒற்றைக் குட்டி என்பது குறைபாடு என்பதைவிட அந்நிலத்துக்கு ஏற்றவாறு பல தலைமுறைகளாகத் தேர்ந்து நின்ற அளவு என்று கொள்வதே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளர் அபிப்பிராயம். பட்டியிலே கட்டி, பசுந்தீவனமும் அடர்தீவனமும் கொடுத்து வளர்ப்பவர்க்கு வேண்டுமானால் ஒரு பிரதி ஜீன் இலாபம் தரலாம். மேலும், எல்லாத் திரிபுகளும் கருவளத்தைக் கூட்டுவனவும் அல்ல. நியூஸிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் பி.எம்.பி.15 என்னும், முட்டையே சுரக்கும் காரணியில் நேர்ந்த திரிபு, ஒரு பிரதியாக இருந்தால் இரட்டைக் குட்டி தருகிறது. இரு பிரதியானால் குமிழ்கள் தொடக்கத்திலேயே நின்று ஆடு அடியோடு மலடாகிறது. குமிழ் முட்டையை வளர்க்கிறது என்றே அதுவரை எண்ணியிருந்தவர்கள், முட்டையும் குமிழை நடத்துகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சியால் கற்றார்கள்.

ஜீனைத் தொடாமல் ஹார்மோன் கணக்கைக் கலைத்தும் இரட்டைக் குட்டி பெறலாம். ஆண்ட்ரோஸ்டீன்டையோனுக்கு எதிராக ஆட்டின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஃபெகண்டின் என்னும் தடுப்பூசி 1983இல் ஆஸ்திரேலியச் சந்தைக்கு வந்தது. ஆனால் அக்கணக்கில் வெளியிலிருந்து புகும் ஈஸ்ட்ரோஜன், அதாவது எஸ்ட்ராடையால் வகைப் பொருள், கேடு செய்யவும் வல்லது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தடி குளோவர் என்னும் தீவனப் பயிர் மிகுந்த மேய்ச்சலில் ஆடுகள் கூட்டம் கூட்டமாக மலடாயின, பிரசவத்தில் இறந்தன, குட்டி போடாத பெட்டைகளிடமும் மடி சுரந்தது. அச்செடியிலுள்ள ஒரு பொருள் ஆட்டின் இரைப்பையில் எஸ்ட்ராடையாலைப்போல் நடிக்கும் வேறொன்றாக மாறுவதே காரணம் என்று விளங்கிற்று. இக்கேட்டைப் பற்றி 1946இல் வெளியான அறிக்கையே, தாவரங்களும் பெண்மை ஹார்மோனைப் போலி செய்யும் என்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

மேற்கூறிய உடலியலைப் பண்ணைத் தொழிலில் பயன்படுத்தும் முறைகளுள் பரவலானது பருவ ஒருங்கிணைப்பு. சிட்னியில் ராபின்சன் 1960களில் வகுத்த முறையின்படி, புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்தில் தோய்த்த பஞ்சு உருளையைப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்கள் பெட்டையின் யோனியில் வைத்து எடுத்தால், இயற்கையான மஞ்சள் உடலம் வீழ்ந்தபோது நேர்வதுபோல எல்.எச். துடிப்புகள் பெருகி, இரண்டு நாட்களில் மந்தை முழுவதும் ஒருங்கே பருவத்துக்கு வரும். குதிரைச் சினை இரத்தத்திலிருந்து பெறும் ஹார்மோனை, உருளையை எடுக்கும் நாளில் சிறிது செலுத்தினால் குமிழ்களுக்கு மேலும் ஊக்கம் கிட்டும். அயல்நாட்டுச் சரக்கின் விலையைக் கருதி அவிகாநகர் நிறுவனத்தார் அவிகெசில்-எஸ் என்னும் பெயரால் இந்நாட்டிலேயே இவ்வுருளைகளைச் செய்துள்ளார்கள். பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டம் மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில், இறைச்சிக் கூடங்களிலிருந்து வரும் சூலகங்களிலிருந்து சிறு குமிழ்களைப் பிரித்து வெளியே கண்ணாடிக் கலங்களில் வளர்க்கும் ஆராய்ச்சியும் நடந்துவருகிறது. புளியங்குடிப் பக்கத்து ஆட்டுக்காரருக்கு அண்மையில் உள்ளது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, திருநெல்வேலி இராமையன்பட்டிக் கல்லூரி.

பசுவைப்போல் செம்மறிக்குச் செயற்கைக் கருவூட்டல் எளிதில் அமையாததற்குக் காரணம் ஹார்மோன் அன்று. கர்ப்பாசயக் கழுத்தின் வளைந்து நெளிந்த மடிப்புகள் குழாயை உள்ளே விடாமல் தடுக்கின்றன. வயிற்றில் சிறு துளையிட்டு ஒளிக்குழல் மூலம் கர்ப்பாசயத்திலேயே விந்தைச் செலுத்தும் முறை நம் நாட்டில் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களோடு நின்றுவிட்டது. எனவே பஞ்சு உருளையைக் கையாளும் மந்தையிலும் கிடாயே வேண்டும். வழக்கமான மந்தையில் இருபத்தைந்து முதல் முப்பது பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். பருவத்தை ஒருங்கிணைத்த மந்தையிலோ எல்லாப் பெட்டைகளும் ஒரே இரண்டு நாட்களில் கிடாயைத் தேடுவதால் ஏழு முதல் பத்துக்கு ஒன்று தேவைப்படும். உருளையின் விலையைவிட, ஆண்டில் சில நாட்களுக்காக மும்மடங்கு கிடாய்களை வைத்து மேய்க்கும் செலவே சிறு மந்தைக்காரரைத் தயங்கச் செய்வது. பக்கத்துக் கிடைக்காரர்களோடு கிடாய்களை அந்நாட்களுக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளவர்களே இம்முறையால் பயன்பெற முடியும்.